நன்றாக ஓடிய கேமை எடுத்த ஸ்டுடியோவை ஏன் மூடினார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில் வந்த ‘ஹை-ஃபை ரஷ்’ விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி, முழுசாக ஆடி முடித்திருக்கிறீர்கள். அதற்கு விருதுகள் கிடைத்தன. மைக்ரோசாஃப்டின் கேமிங் பிரிவான எக்ஸ்பாக்ஸைச் சேர்ந்தவர்களே வெற்றி என்று சொன்னார்கள். ஆனாலும் 2024 மே மாதம், அதை எடுத்த டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸை மைக்ரோசாஃப்ட் மூடியது. “நஷ்டத்தில் ஓடும் ஸ்டுடியோவை மூடினால் புரிகிறது, ஜெயித்தவர்களை ஏன் மூட வேண்டும்? யாருக்காவது விற்றிருக்கக் கூடாதா? நான் வாங்கிய கேம் என்ன ஆகும்?” என்று கேட்கிறீர்கள். கேள்விகள் மூன்று, ஆனால் அடியில் ஓடுவது ஒன்றுதான்: ஒரு கேம் ஜெயித்தால் அதை எடுத்தவர்களின் வேலை தப்புமா? தப்பும் என்று நானும் சொல்லத்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் பப்ளிஷர், அதாவது கேமுக்குப் பணம் போட்டு வெளியிடும் நிறுவனம், போடும் கணக்கில் போன கேமின் வெற்றிக்கு ஒரு சின்ன இடம்தான் உண்டு. அடுத்த கேம் எவ்வளவு தின்னும் என்பதற்குத்தான் பெரிய இடம்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில், வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்கு ஆர்ட் வேலை செய்துகொடுக்கும் ஒரு நிறுவனத்தில் தொடங்கி, பிறகு ப்ரொடியூசராகப் பல வருடங்கள் ஓட்டியவன். அட்டவணை, ஆள்கணக்கு, பட்ஜெட் இவைதான் என் வேலை. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்ததில்லை, அந்த முடிவு எடுத்த அறையிலும் இருந்ததில்லை. அதனால் எது உறுதி, எது செய்தி, எது என் ஊகம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து ஆரம்பிக்கலாம். 2024 மே 7 அன்று அப்போது எக்ஸ்பாக்ஸின் கேம்கள், ஸ்டுடியோக்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்த மேட் பூட்டி ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பெதஸ்தா என்ற பப்ளிஷரின் கீழே இருந்த ஆர்க்கேன் ஆஸ்டின், டாங்கோ கேம்வொர்க்ஸ், மொபைல் கேம் எடுத்துவந்த ஆல்ஃபா டாக் மூன்றையும் மூடுகிறோம், ரவுண்ட்ஹவுஸ் கேம்ஸை இன்னொரு ஸ்டுடியோவோடு சேர்க்கிறோம் என்றது அது. பெரிய தாக்கம் தரும் தலைப்புகளுக்கு முன்னுரிமை கொடுக்கப்போகிறோம், இது யாருடைய திறமையையும் குறைத்து மதிப்பிடும் முடிவு கிடையாது என்றும் எழுதியிருந்தார். இந்த நான்குமே, பெதஸ்தாவின் தாய் நிறுவனமான ஜெனிமேக்ஸை மைக்ரோசாஃப்ட் 2021 மார்ச்சில் வாங்கியபோது சேர்ந்து வந்தவை. அந்தக் கொள்முதலை அறிவித்தபோது சொன்ன விலை 750 கோடி டாலர்.

டாங்கோ ஒன்றும் பெயர் தெரியாத கடை கிடையாது. ‘ரெசிடென்ட் ஈவில்’ இயக்கிய ஷின்ஜி மிகாமி 2010-ல் தொடங்கியது. அதே வருடம் ஜெனிமேக்ஸ் வாங்கிவிட்டது. ‘தி ஈவில் விதின்’ இரண்டு பாகங்கள், ‘கோஸ்ட்வயர்: டோக்கியோ’ என்று பேய், பயம் சார்ந்தே எடுத்துவந்தவர்கள், ஜான் ஜோஹானஸ் இயக்கத்தில் திடீரென்று தாளத்துக்கு அடிக்கும் ஒரு கலர்ஃபுல் கேமை எடுத்தார்கள். முன்விளம்பரமே இல்லாமல், அறிவித்த அன்றைக்கே விற்பனைக்கு விட்டார்கள். விலை 30 டாலர், மைக்ரோசாஃப்டின் மாதச் சந்தா சேவையான கேம் பாஸிலும் அன்றே. அது 2023-ன் கேம் அவார்ட்ஸில் ஒலி வடிவமைப்புக்கான விருதையும், 2024 ஏப்ரலில் அனிமேஷனுக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதையும் வாங்கியது. பாஃப்டா வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மின்னஞ்சல் வந்துவிட்டது.

இப்போது பணக்கணக்கு. இதைச் சினிமாவோடு வைத்துப் பார்த்தால் நமக்குச் சீக்கிரம் பிடிபடும். படம் முடிந்ததும் யூனிட் கலைந்துவிடும். லைட்மேன் அடுத்த படப்பிடிப்புக்குப் போய்விடுவார், எடிட்டர் வேறு படத்துக்குப் போவார். இயக்குநர் மட்டும் உதவியாளர்களோடு அறை போட்டு அடுத்த கதையை யோசிப்பார், அந்தச் செலவு கையைக் கடிக்காது. கேம் ஸ்டுடியோவில் யாரும் கலைவதில்லை. அடுத்த கேமின் கதை விவாதத்தில் நாலு பேர்தான் இருப்பார்கள், ஆனால் நூறு பேருக்கும் மாதச் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். மேற்கத்திய ஸ்டுடியோக்களில் ரொம்ப நாளாகப் புழங்கும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: சம்பளம், காப்பீடு, வாடகை, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 10,000 டாலர். கலிஃபோர்னியா மாதிரி இடங்களில் இப்போது இதுவே போதாது, ஜப்பானில் குறைவாக இருக்கும். ஒரு கற்பனை ஸ்டுடியோவில் 100 பேர் என்று வையுங்கள். மாதம் 10 லட்சம் டாலர், வருடம் 1.2 கோடி. ஒரு கேமுக்கு நான்கு வருடம் என்றால் 4.8 கோடி டாலர். 30 டாலர் கேமில் கடைக்காரர் 30 சதவீதம் எடுத்தால் கைக்கு வருவது 21 டாலர். முதலை மட்டும் திரும்ப எடுக்கவே ஏறத்தாழ 23 லட்சம் பிரதிகள், அதுவும் தள்ளுபடியே இல்லாமல், விற்க வேண்டும். விளம்பரச் செலவை இதில் நான் இன்னும் சேர்க்கவில்லை.

என் வேலையில் தினமும் திறக்கும் கோப்பு ஒன்று உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு வரிசை, ஒரு மாதத்துக்கு ஒரு கட்டம். எந்த வேலையில் இருக்கிறாரோ அதற்கு ஒரு நிறம். வேலை ஒதுக்கப்படாதவருக்குச் சாம்பல். கேம் வெளியாவதற்கு ஆறு மாதம் முன்னால் அந்தத் தாள் முழுக்க ஒரே நிறத்தில் பளிச்சென்று இருக்கும். வெளியான பிறகு பிழை திருத்தம், கூடுதல் உள்ளடக்கம், வேறு கன்சோலுக்கு மாற்றுவது என்று கொஞ்சப் பேருக்கு வேலை ஓடும். அதற்கப்புறம் வலது பக்கம் போகப்போக, மேலிருந்து கீழ்வரை சாம்பல். இதைத் திரையில் போட்டு மேலிடத்துக்குக் காட்டும் கூட்டத்தில் போன கேமின் மதிப்பெண்ணைப் பற்றி யாராவது ஒருவர் இரண்டு நல்ல வார்த்தை சொல்வார். அப்புறம் எல்லோர் கண்ணும் சாம்பலிலேயே நிற்கும். “இவர்கள் எல்லாம் எப்போது அடுத்த ப்ராஜெக்டுக்குள் வருவார்கள்?” என்ற கேள்விக்கு உறுதியான தேதி இருந்தால் பிழைத்தோம். “இன்னும் பிட்ச் பண்ணிக்கொண்டிருக்கிறோம்”, அதாவது யோசனையைச் சொல்லி அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றால் அறை அமைதியாகிவிடும்.

டாங்கோவின் காலக்கோட்டை இதில் பொருத்திப் பாருங்கள். ‘ஹை-ஃபை ரஷ்’ 2023 ஜனவரியில் வந்தது. அடுத்த மாதமே மிகாமி விலகுவதாக அறிவிப்பு. 2024 மார்ச் 19 அன்று பிளேஸ்டேஷன் 5-க்கும் கேம் வந்தது. அங்கிருந்து ஏழு வாரத்தில் மூடும் செய்தி. அந்தச் சமயத்தில் அவர்கள் இரண்டாம் பாகத்துக்கான பிட்ச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள் என்று ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது. அதாவது கையிலிருந்த வேலை முடிந்துவிட்டது, அடுத்த வேலைக்கு இன்னும் பச்சைக்கொடி விழவில்லை. ஒரு ஸ்டுடியோவை மூடுவதற்கு ஆகக் குறைந்த செலவு இந்த இடைவெளியில்தான். பாதி முடிந்த கேம் என்று எதுவும் கையில் இல்லை, அதனால் அதுவரை போட்ட காசு வீண் என்று கணக்கில் எழுத வேண்டியதும் பெரிதாக இருக்காது. ஜெயித்த ஸ்டுடியோக்கள் வெளியீட்டுக்கு ஒரு வருடம் கழித்து மூடப்படும்போது வெளியில் இருப்பவர்களுக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரிகிறது. உள்ளே இருப்பவர்கள் அந்த மாதங்களை நினைத்துத்தான் முன்கூட்டியே பயப்படுவார்கள்.

சரி, கேம் பாஸ் கதைக்கு வருவோம். ‘ஹை-ஃபை ரஷ்’ஷை 30 லட்சம் பேர் ஆடினார்கள் என்று அறிவித்தார்கள். ஆடியவர்கள் வேறு, வாங்கியவர்கள் வேறு. மாதச் சந்தாவில் ஆடுபவர் இந்த ஒரு கேமுக்காகத் தனியாக எதுவும் தருவதில்லை. அவருடைய சந்தாவில் டாங்கோவுக்கு எவ்வளவு என்று பிரிப்பது முழுக்க முழுக்க நிறுவனத்துக்குள் போடும் கணக்கு. யாருக்குப் பெருமை போக வேண்டும் என்று நினைக்கிறார்களோ அந்தப் பக்கம் அதைச் சாய்க்கலாம். 2023 ஏப்ரலில், இந்த கேம் எதிர்பார்த்த பணத்தைத் தரவில்லை என்று ஒரு பத்திரிகையாளர் சொன்னதும், எக்ஸ்பாக்ஸின் மார்க்கெட்டிங் துணைத்தலைவர் ஆரோன் க்ரீன்பெர்க் அதை மறுத்து, முக்கியமான எல்லா அளவீடுகளிலும் இது எங்களுக்குப் பெரிய வெற்றி என்று பதிவிட்டார். நீங்கள் சுட்டுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எவ்வளவு பேர் ஆடினார்கள், எத்தனை மணி நேரம் ஆடினார்கள், எத்தனை பேர் புதிதாகச் சந்தா சேர்ந்தார்கள் என்பவையும் அளவீடுகள்தான். அடுத்த நான்கு வருடச் சம்பளத்துக்கு இது தாங்குமா என்பது வேறு அளவீடு. கேமின் செலவையோ வரவையோ மைக்ரோசாஃப்ட் இதுவரை வெளியிடவில்லை. ஆகவே “லாபம்தான்”, “நஷ்டம்தான்” என்று இணையத்தில் அடித்துச் சொல்கிற இரண்டு தரப்பிடமும் ஆதாரம் இல்லை.

மைக்ரோசாஃப்டிடம் பணத்துக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம், அது நியாயம்தான். 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிசர்டை 6,870 கோடி டாலர் கொடுத்து வாங்கியவர்கள். ஆனால் அந்தக் கொள்முதலே சிக்கலைக் கொண்டுவந்தது என்பது என் கணிப்பு. அவ்வளவு பெரிய தொகையை இறைத்த பிறகு கேமிங் பிரிவை நிறுவனத்தின் உச்சத்தில் இருப்பவர்கள் உற்றுப் பார்க்க ஆரம்பிப்பார்கள். 2024 ஜனவரியில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே வருடம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விற்பனை வருமானம் முந்தைய வருடத்தைவிட 31 சதவீதம் சரிந்திருந்தது. 2023-ன் பிற்பகுதியில் நிதித் தலைமை எக்ஸ்பாக்ஸுக்கு 30 சதவீத லாப இலக்கு வைத்தது என்று 2025-ல் ப்ளூம்பெர்க் எழுதியது. இது செய்தி, மைக்ரோசாஃப்ட் எழுத்தில் கொடுத்த கணக்கு கிடையாது. ஆனால் உண்மையாக இருந்தால் நிறைய விஷயங்களை விளக்கிவிடும். அப்படி ஒரு இலக்கின் கீழே, போட்ட காசு திரும்பி வந்து கொஞ்சம் மிஞ்சுகிற ஸ்டுடியோவும் ‘தேறாத’ பட்டியலில்தான் விழும். மூடியதற்கு அடுத்த நாள் நடந்த உள் கூட்டத்தில், விருதும் மதிப்பும் கொண்டுவரும் சிறிய கேம்கள் நமக்குத் தேவை என்ற பொருளில் பூட்டி பேசினார் என்று தி வெர்ஜ் செய்தித்தளம் எழுதியதையும் படித்திருப்பீர்கள். முந்தின நாள்தான் அப்படியொரு ஸ்டுடியோவை மூடியிருந்தார்கள்! இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. பெரிய நிறுவனத்தில் ஒரு கை எழுதும் கொள்கையை இன்னொரு கை படிப்பதில்லை என்பது மட்டும் என் அனுபவம்.

இதே மின்னஞ்சலில் இருந்த ஆர்க்கேன் ஆஸ்டின் கதை வேறு. அங்கே தோல்வி வெளிப்படையாகவே தெரிந்தது. ‘ப்ரே’ மாதிரி ஒற்றை ஆள் ஆடும் நுணுக்கமான கேம் எடுத்தவர்கள், நாலு பேர் சேர்ந்து வாம்பயர்களைச் சுடும் ‘ரெட்ஃபால்’ எடுத்து 2023 மே மாதம் வெளியிட்டார்கள். அப்போது எக்ஸ்பாக்ஸின் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சரே ஒரு பேட்டியில் வருத்தம் தெரிவிக்க வேண்டிய அளவுக்கு அது சொதப்பியது. ‘ப்ரே’யில் வேலை செய்தவர்களில் 70 சதவீதம் பேர் ‘ரெட்ஃபால்’ முடிவதற்குள் போய்விட்டார்கள் என்று ப்ளூம்பெர்க் எழுதியது. இந்தத் தகவலை நான் அந்த கேமின் மதிப்பெண்ணைவிட முக்கியமாகப் பார்க்கிறேன். ஸ்டுடியோ என்று பெயர்ப்பலகை இருக்கும், ஆனால் அந்தப் பெயருக்கு மதிப்பு வாங்கித் தந்தவர்கள் ஏற்கெனவே வெளியேறியிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் 2024-ல் மூடியது, முன்பே பாதி மூடியிருந்த ஒன்றை.

மைக்ரோசாஃப்டை மட்டும் திட்டிப் பயனில்லை. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1998-ல் வாங்கிய வெஸ்ட்வுட்டை 2003-ல் மூடியது, ‘டெட் ஸ்பேஸ்’ எடுத்த விசரலை 2017-ல் மூடியது. சோனி ‘கான்கார்ட்’ கேமை 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்டு, செப்டம்பர் 6 அன்று சர்வரையே அணைத்தது. அதை எடுத்த ஃபயர்வாக் ஸ்டுடியோ அக்டோபர் இறுதியில் போனது. வார்னர் பிரதர்ஸ் 2025 பிப்ரவரியில் 1994 முதல் இருந்துவந்த மோனோலித்தை மூடியது. ஸ்வீடனின் எம்பிரேசர் நிறுவனத்தின் கதைதான் எனக்கு இவற்றில் மிகக் கசப்பானது. கடனும் மலிவு வட்டியுமாகக் கண்ணில் பட்ட ஸ்டுடியோவையெல்லாம் வாங்கிக் குவித்தார்கள். 200 கோடி டாலருக்கு நம்பியிருந்த ஒரு ஒப்பந்தம் 2023 மே மாதம் கைநழுவியது. ஆகஸ்ட் இறுதியில், முப்பது வருடப் பாரம்பரியமுள்ள, எம்பிரேசரின் வொலிஷன் ஸ்டுடியோ மூடப்பட்டது. அவர்களுடைய ‘செயின்ட்ஸ் ரோ’ அதற்கு முந்தைய வருடம் சரியாகப் போகவில்லை, உண்மைதான். ஆனால் அந்த ஒப்பந்தம் கைகூடியிருந்தால் அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் கிட்டத்தட்டப் பூஜ்யம், 2023 ஜூலைக்குள் 5.25 சதவீதத்தைத் தாண்டியது. நாலு வருடம் கழித்துப் பணம் தரப்போகும் தொழிலுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது.

விற்றிருக்கலாமே என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். விற்கலாம். இதே மைக்ரோசாஃப்ட் அதே 2024-ல், ஆக்டிவிஷனோடு வந்த டாய்ஸ் ஃபார் பாப் என்ற ஸ்டுடியோவைத் தனியாகப் பிரிந்து போக விட்டது. 2017-ல் ஜப்பானிய பப்ளிஷரான ஸ்கொயர் எனிக்ஸ், கோபன்ஹேகனின் ஐஓ இன்டராக்டிவ் ஸ்டுடியோவைக் கழற்றிவிட முடிவு செய்தபோது, நிர்வாகமே ஸ்டுடியோவை வாங்கிக்கொண்டது, ‘ஹிட்மேன்’ உரிமையோடு. அந்த உரிமை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்டுடியோவின் சொத்து என்று வெளியிலிருந்து பார்த்தால் ஆட்கள்தான் தெரிவார்கள். ஆனால் ஆட்களை யாரும் சொந்தமாக வைத்திருக்க முடியாது, நாளைக்கே ராஜினாமா செய்துவிட்டுப் போகலாம். பப்ளிஷரின் கையில் நிற்பது கேமின் பெயர், பாத்திரங்கள், சோர்ஸ் கோட், இசை, காப்புரிமை. ஸ்டுடியோவை மூடினாலும் இவை அவர்களிடமே இருக்கும், சம்பளச் செலவு மட்டும் போய்விடும். மோனோலித் உருவாக்கிய ‘நெமிசிஸ்’ என்ற, கேமில் வரும் எதிரிகள் நடந்துகொள்ளும் முறைக்கான காப்புரிமை (பேடன்ட்) இன்னும் வார்னரிடம் இருக்கிறது, எடுத்தவர்களுக்கு அதைத் தொடும் உரிமை இல்லை. விற்க வேண்டுமென்றால் இந்தச் சொத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும், மாதக்கணக்கில் வழக்கறிஞர்கள் உட்கார வேண்டும், அந்த மாதங்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். நாளைக்கு அது போட்டியாளர் கையில் போய் ஜெயித்தால் “ஏன் விற்றாய்?” என்ற கேள்வியும் வரும். மூடிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருக்காது. இதைச் சட்டம் அனுமதிக்கிறது, அதற்காக நான் ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்ன.

டாங்கோ விஷயத்தில் அதிசயமாக ஒன்று நடந்தது. 2024 ஆகஸ்ட் 12 அன்று தென்கொரியாவின் கிராஃப்டன், டாங்கோவின் பெயரையும் ‘ஹை-ஃபை ரஷ்’ உரிமையையும் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. நம்மூர்ப் பையன்கள் ஆடும் பிஜிஎம்ஐ-யின் (பப்ஜியின் இந்திய வடிவம்) கம்பெனிதான் அது. அந்த கேமை மேலும் வளர்ப்பது, புதிய கேம்களுக்கு முயல்வது இரண்டும் திட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். ‘ஈவில் விதின்’, ‘கோஸ்ட்வயர்’ உரிமைகள் மைக்ரோசாஃப்டிடமே தங்கிவிட்டன. இதில் பெரிய லாபத்தை எதிர்பார்த்து இறங்கவில்லை, அந்தக் குழுவைத் தொடரச் செய்வதே நோக்கம் என்ற பொருளில் கிராஃப்டன் தலைவர் பின்னர் ஒரு பேட்டியில் பேசினார். நல்ல மனசு என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மே மாதம் மூடும் செய்தி கேட்டதுமே வேறு வேலைக்குப் போனவர்களும் உண்டு. மூன்று மாத இடைவெளியில் ஒரு குழுவை அப்படியே மறுபடி கூட்டிவிட முடியாது. இப்படி உயிர் திரும்பிய ஸ்டுடியோக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதனால் இதை வைத்து “கடைசியில் எல்லாம் சரியாகிவிடும்” என்று நம்பிக்கை வளர்க்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஸ்டுடியோ மூடுவது எப்படி நடக்கிறது. காலண்டரில் தலைப்பே இல்லாத ஒரு கூட்டம் வந்து விழும். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அன்று மாலைக்குள் பலருக்கு உள்நுழைவு போய்விடும். சோனி, நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்த டெவ்கிட்டுகளை, அதாவது கேம் உருவாக்குவதற்கான தனிக் கன்சோல்களை, எண்ணித் திருப்பி அனுப்பவும், கோட் முழுவதையும் காப்பகத்தில் ஏற்றவும் நாலைந்து பேரை மட்டும் சில வாரம் வைத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் இப்படி ஓரிடத்தை மூடினால் பொதுவாக 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1988-லிருந்து சட்டம் இருக்கிறது. நடைமுறையில் வீட்டில் உட்கார வைத்து அந்த 60 நாள் சம்பளத்தைக் கொடுத்துவிடுவார்கள். பிரிட்டனில் 20 பேர் முதல் என்றால் 30 நாள், 100 பேர் முதல் என்றால் 45 நாள் முன்பே ஊழியர்களோடு ஆலோசனையைத் தொடங்கியாக வேண்டும். நான் வழக்கறிஞர் கிடையாது, விதிவிலக்குகள் நிறைய உண்டு, யாராவது இதே நிலையில் இருந்தால் முறையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதில் இன்னொரு கடிகாரமும் ஓடும். வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம், அதற்குள் அடுத்த வேலையோ வேறு விசாவோ கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். பள்ளிக்கூட நடுவருடத்தில் பிள்ளைகளோடு திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பெங்களூர் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்றால், பெரும்பாலும் யாரும் சொல்லவே மாட்டார்கள். ஒருமுறை வெளிநாட்டு ஸ்டுடியோ ஒன்றுக்கு வீட்டு உபயோகப் பொருட்களின் மாடல்கள் செய்துகொண்டிருந்தோம். மேசை, நாற்காலி, ஒரு பழைய மிக்சி. வெள்ளிக்கிழமை அனுப்பியவற்றுக்குத் திங்கட்கிழமை காலை திருத்தக் குறிப்புகள் வந்துவிடும், அந்தப் பக்கம் இருந்த ஆர்ட் டைரக்டர் அந்த அளவுக்குக் கறார். அந்தத் திங்கள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கோப்புகள் ஏற்றும் சர்வர் எங்கள் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மதியம் டீ குடிக்கும்போது எங்கள் பையன் ஒருவன் செய்தித்தளத்தைத் திறந்து நீட்டினான். எங்களுக்கு வர வேண்டிய பில் தொகை பல மாதம் கழித்து வந்தது. ஆனால் அந்த மாடல்களை எங்கும் காட்ட முடியாது, ஒப்பந்தப்படி அவை வெளியிடப்படாத ரகசியம். அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் இதே கதிதான். மூன்று வருட உழைப்பு, அடுத்த நேர்முகத்தில் காட்ட ஒரு படம்கூட கிடையாது. சம்பளம் நின்றதைவிட இதுதான் பலரை முடக்கிப் போடுகிறது.

இடையில், “வரியை மிச்சம் பிடிக்கத்தான் மூடுகிறார்கள்” என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதில் பாதிக்கு மேல் புரளி. முடிக்காத கேமுக்குச் செலவிட்டதை நஷ்டமாக எழுதும்போது வரி கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனால் ஒரு டாலரைத் தொலைத்து அதில் கால் டாலர் வரியை மிச்சம் பிடிப்பதற்காக யாரும் தொழில் நடத்துவதில்லை. மூடும் முடிவு எடுத்த பிறகு கணக்கர்கள் தேடி எடுக்கும் சிறு ஆறுதல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கடைசியாக உங்கள் கேம். ‘ஹை-ஃபை ரஷ்’ ஒற்றை ஆள் ஆடும் கேம், அதை நடத்த டாங்கோவின் சர்வர் எதுவும் தேவையில்லை. ஸ்டீம் போன்ற ஆன்லைன் கடையில் உங்கள் கணக்கில் இருக்கும் பிரதிக்கு ஸ்டுடியோ மூடியதால் ஒன்றும் ஆகாது, புதிய பிழை திருத்தங்களைத்தான் பழைய வேகத்தில் எதிர்பார்க்க முடியாது. கவலைப்பட வேண்டியது இணைய இணைப்பில்லாமல் திறக்கவே திறக்காத கேம்களுக்கு. ‘ரெட்ஃபால்’ அப்படித்தான் இருந்தது. ஆர்க்கேன் ஆஸ்டின்காரர்கள் போகும் முன் 2024 மே இறுதியில் கடைசி அப்டேட் ஒன்றில் ஆஃப்லைன் வசதியைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். வேலை போனது தெரிந்த பிறகும் அதை முடித்துக் கொடுத்தார்கள் என்பதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை. யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ வாங்கியவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை, 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்ததோடு காசு கொடுத்து வாங்கிய கேம் திறக்காமல் போனது. அதிலிருந்து கிளம்பிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து திரட்டியது. கலிஃபோர்னியாவில், டிஜிட்டலாக விற்பது உரிமம்தான், பொருள் உங்களுடையது ஆகாது என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அடுத்த கேம் வாங்கும்போது விமர்சனத்தோடு சேர்த்து இதையும் ஒரு நிமிடம் பாருங்கள்: வைஃபையை அணைத்துவிட்டால் அது திறக்கிறதா, இல்லையா.